வாளிக்குச் சிங்களத்தில் என்ன?

அன்புள்ள மகனுக்கு,

இதை நேரில் சொல்லலாம் என்றுதான் மூன்று நாளாகப் பார்த்தேன். வெள்ளவத்தையிலிருந்து பாமன்கடையில் நீ இருக்கும் வீட்டுக்கு நடந்து வர எனக்கு இருபது நிமிடம் போதும். ஆனால் உன் முன்னால் வந்து நின்றால் நான் என்ன செய்வேன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு வசனம் ஒழுங்காகச் சொல்வேன். மூன்றாவதில் உன் முகம் இறுகுவதைக் கண்டு ஏதாவது பகிடி விடுவேன். நீ மரியாதைக்குச் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பிப் போவாய். நாற்பது வருடமாக மேடையிலும் ரீவியிலும் நின்றவனுக்கு வந்த வியாதி இது. முன்னால் ஒரு ஆள் இருந்தால் அந்த ஆளைச் சிரிக்க வைக்காமல் என்னால் எழும்ப முடியாது. கடதாசி சிரிக்காது, அதனால் எழுதுகிறேன். திலினிக்கும் வாசித்துக் காட்டு. அவளுக்குத் தெரியாத பழைய விஷயங்களையும் அதற்காகவே விரித்து எழுதுகிறேன், உனக்கு அலுப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வருகிற ஞாயிறு உங்கள் கலியாண வரவேற்பு. அதில் நான் மேடை ஏறி, மணியம் முதலாளியாக ஐந்து நிமிடம் நடிக்க வேண்டும் என்று திலினியின் அப்பா கேட்டிருக்கிறார். அதைப் போன கிழமை நீதான் எனக்குப் போனில் சொன்னாய். "அவையளுக்கு ஆசை அப்பா. அஞ்சு நிமிசந்தானே. உங்களுக்கு விருப்பமெண்டால் செய்யுங்கோ, எனக்குப் பரவாயில்லை" என்றாய். மகன், நான் பெரிய நடிகன் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பரவாயில்லை என்ற சொல்லை ஒருவன் எத்தனை விதமாகச் சொல்லலாம் என்பது என் தொழில். நீ சொன்னது மனதார வந்த பரவாயில்லை இல்லை.

மணியம் முதலாளி எப்படிப் பிறந்தார் என்று உனக்கு நான் ஒருநாளும் உண்மையாகச் சொன்னதில்லை. பேட்டிகளில் சொன்னது வேறு. நான் கொட்டாஞ்சேனையில் தேவாலய மண்டபத்திலும் கோயில் திருவிழாவிலும் தமிழ் நாடகம் போட்டுத் திரிந்தவன். அரசனாக வந்தேன், எமனாக வந்தேன், ஒருமுறை ஆள் வராததால் எமனும் அவன் வாகனமும் நானே. அங்கே என்னைப் பார்த்த ஒரு சிங்கள இயக்குநர்தான் ரீவி நாடகத்துக்குக் கூப்பிட்டார். ஒரு வளவுக்குள் ஆறு குடும்பம், எல்லாருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய், வாரத்துக்கு ஒரு சண்டை. அதில் மூலைக் கடை வைத்திருக்கும் தமிழ் முதலாளி நான். என்னுடைய வாளியை யாராவது ஒளித்துவைப்பார்கள், நான் தேடிக்கொண்டு வருவேன். அவ்வளவுதான் பாத்திரம்.

இப்போது வாளிக்கு வருகிறேன். சிங்களத்தில் அதற்குப் பால்திய என்று பெயர். முதல் எழுத்துக்கு உதடு இரண்டும் ஒட்டிப் பிரிய வேண்டும். தமிழில் வாளி என்று சொல்லிப் பழகிய நாக்கு, பயம் வந்தால் அதை வால்திய என்று சொல்லிவிடும். நான் பிறக்கும் முன் நடந்த ஒரு கலவரத்தில், துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த உன் அப்பப்பாவை வீட்டுக்கு வரும் வழியில் மறித்து, ஒருவன் தகர வாளி ஒன்றைத் தூக்கிக் காட்டி, இது என்ன என்று கேட்டானாம். ஆளை விடுவதா அடிப்பதா என்பதை அந்த ஒரு எழுத்தில்தான் பார்த்தார்கள். அப்பப்பா சரியாகச் சொன்னார், விட்டுவிட்டார்கள். கூட வந்த இன்னொரு கிளாக்கர் என்ன சொன்னார் என்று அவர் எங்களுக்குச் சொன்னதேயில்லை. நாங்கள் பிறந்து பேசத் தொடங்கிய பிறகு, குழாயடியிலிருந்து வாளியை எடுத்து வரச் சொன்னால் முதலில் அதைச் சிங்களத்தில் சொல்லிக் காட்ட வேண்டும். அப்பா குனிந்து எங்கள் உதட்டைப் பார்ப்பார். ஒட்டவில்லை என்றால் திரும்பச் சொல்ல வேண்டும். அண்ணாவும் நானும் அதை விளையாட்டு என்று நினைத்தோம். என்னுடைய சிங்களம் பிசிறில்லாமல் வந்தது அந்த விளையாட்டில்தான்.

முதல் நாள் படப்பிடிப்பில் என் கையில் தந்த வசனத்தில் பால்திய என்று சரியாகத்தான் எழுதியிருந்தது. இதைத்தான் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. எழுதியவர் நல்ல மனிதர், எங்கள் ஆட்களைக் கேலி செய்யும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. இரண்டு முறை சொன்னேன், ஒருவரும் சிரிக்கவில்லை. கமராக்காரர் கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவி என்னால் தாங்க முடியாமல் போய்விட்டது. மூன்றாம் முறை கையை விரித்துக்கொண்டு, "கோ மகே வால்தீய?" என்று இழுத்தேன். என் வாளி எங்கே என்றுதான் அர்த்தம். லைட் பிடித்தவர் சிரித்ததில் லைட் ஆடியது. "அதையே வை" என்றார் இயக்குநர். அதையே பதினொரு வருடம் வைத்திருந்தேன்.

முதல் பகுதி போன அன்று அப்பப்பா எங்கள் வீட்டு முன்னறையில் இருந்து பார்த்தார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வடிவாத்தான் சொல்லித் தந்தனான் எண்டு நினைச்சன்" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அது அவர் விட்ட பகிடி என்றே நினைத்தேன், மகன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அதற்குப் பிறகு அந்த நாடகம் போகும் நேரத்தில் அவருக்கு எப்போதும் கோயிலில் ஏதாவது வேலை இருந்தது.

புகழ் வந்ததை நான் குறை சொல்லமாட்டேன். அது எனக்குப் பிடித்திருந்தது. பஸ்ஸில் எழும்பி இடம் தந்தார்கள், மீன் கடையில் எனக்கென்று நல்ல துண்டாகப் பார்த்து வெட்டினார்கள். ஆனால் நடிகனுக்கு வேறு ஆசையும் இருக்கும். ஒரு சிங்கள மேடை நாடகத்தில் நீதிபதியாக நடிக்கக் கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். மூன்று மாத ஒத்திகை. தமிழ் வாடை ஒரு சொல்லில் இல்லை. முதல் காட்சியில் கறுப்பு அங்கியோடு வந்து நாற்காலியில் இருந்தேன். வாய் திறக்கவில்லை, சபை சிரித்தது. பின்னால் இருந்து ஒரு குரல் வாளி எங்கே என்று கேட்டது. தூக்குத் தீர்ப்பு வாசிக்கிற இடத்தில் சிரிப்பு. நாலாவது நாள் இயக்குநர் என் தோளில் கை வைத்து, "உங்களில் பிழை இல்லை, ஆனால் நாடகம் செத்துப்போகுது" என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதை நடித்துக் காட்டினேன். நீயும் விழுந்து விழுந்து சிரித்தாய். அம்மா சிரிக்கவில்லை. "அழவேண்டிய இடத்திலயும் நீங்கள் இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு உலையை இறக்கப் போனா.

இனி எழுதப் போவது உனக்குத் தெரிந்த கதை. ஆனால் நாம் இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. உனக்கு ஏழு வயது. பம்பலப்பிட்டியில் பல் வைத்தியரிடம் காட்டிவிட்டு பஸ்ஸில் வருகிறோம். காலிக்குப் போகும் பெரிய வீதியில் சோதனைச் சாவடி, எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். அந்தக் காலத்தில் நல்ல சிங்களம் பேசிய தமிழனையும் நம்பமாட்டார்கள், பேசத் தெரியாதவனையும் நம்பமாட்டார்கள். என் அடையாள அட்டையைப் பார்த்த ஆமிப் பொடியன் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தான். அவனுக்கு இருபது வயது இருக்காது. "மணியம் முதலாளி தானே" என்றான் சிங்களத்தில். "ஒருக்கா சொல்லிக் காட்டுங்களேன்." நான் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, கையை விரித்து, குனிந்து பஸ்ஸின் சில்லுக்குக் கீழேயும் வாளியைத் தேடினேன். ஆமிக்காரர்கள் சிரித்தார்கள், வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். பையைத் திறக்கச் சொல்லாமலே எங்களை ஏறச் சொன்னார்கள்.

எனக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நின்றார், கையில் எக்ஸ்ரே வைத்த பெரிய உறை. வைத்தியத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவராக இருக்க வேண்டும். எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டார்கள். அவர் தனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லைப் பொறுக்கிச் சொன்னார். அது நான் பேசிக் காட்டியது போலவே இருந்தது. பொடியன் திரும்பி மற்றவனிடம், இந்தாள் அசல் மணியமே என்றான். எல்லாரும் திரும்பச் சிரித்தார்கள். சிரிக்கிறார்கள், நல்லதுதான் என்று நினைத்து அவரும் சிரித்தார். பிறகு அவரை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். பஸ் அவரை விட்டுவிட்டு எடுத்தது. யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த நீ என் கையைச் சுரண்டி, "அப்பா, அந்த அங்கிளும் ரீவியில நடிக்கிறவரோ?" என்று கேட்டாய். நான் ஓம் என்றேன். "அப்ப ஏன் அவரை விடேல்ல?" என்றாய். பஸ் சத்தத்தில் கேட்காதது போல இருந்துவிட்டேன்.

இல்லை மகன். அவர் நடிக்கிறவர் இல்லை. பயந்துபோய், தன்னால் இயன்ற அளவுக்கு ஒரு பாஷை பேசிய நோயாளி. ஏழு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று நீ கேட்கலாம். அந்த வயதில் இல்லாவிட்டாலும் பத்தில் சொல்லியிருக்கலாம், பதினைந்தில் சொல்லியிருக்கலாம். உனக்கு நானே சொல்ல வேண்டியதை உன் பள்ளிக்கூடத்துப் பொடியன்கள் உன்னை வால்திய என்று கூப்பிட்டுச் சொல்லித் தந்தார்கள். பன்னிரண்டு வயதில் சிங்களப் பேச்சுப் போட்டியில் நீ முதலாம் இடம் எடுத்தது, இரண்டு வருடம் கழித்து உன் மேசை லாச்சிக்குள் கிடந்த சான்றிதழைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். பரிசளிப்புக்குப் பெற்றோரை அழைத்துவரச் சொன்ன கடிதமும் அதோடு மடித்தபடி இருந்தது. திரும்ப அப்படியே மடித்து வைத்தேன்.

இவ்வளவும் பட்டும் எனக்குப் புத்தி வந்ததா என்று கேட்டால், போன தை மாதம் நுகேகொடையில் திலினி வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோது நீயே பார்த்தாய். பெண் கேட்டுப் போயிருக்கிறோம். அவளுடைய அப்பா வாசலில் என்னைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்து, "கோ மகே வால்தீய?" என்றார். சந்தோசத்தில்தான் சொன்னார். நான் உடனே முதலாளியின் சிங்களத்தில் பதில் சொன்னேன். அதற்குப் பிறகு அதிலிருந்து வெளியே வர எனக்கு வழி தெரியவில்லை. இரண்டு மணித்தியாலம் அந்த உடைந்த சிங்களத்திலேயே கதைத்தேன், கேக்கைப் புகழ்ந்ததும் அதில்தான், உன் வேலையைப் பற்றிச் சொன்னதும் அதில்தான். நீ உன் தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டு இருந்தாய். அடுத்த முறை போனபோதும் அதே சிங்களம். நான் நிஜமாகவே அப்படித்தான் பேசுகிறவன் என்று அவர்கள் நம்பிவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பாவாகப் போன இடத்தில் மணியம் முதலாளியாக இருந்துவிட்டு வந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது, இதற்குத் திலினியிடம் நான் நேரிலும் மன்னிப்புக் கேட்பேன். அவள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தமிழில், "நான் சோறு போதாது" என்றாள். சோறு போதும் என்று சொல்ல வந்தவள். நான் அதை அவள் குரலிலேயே திருப்பிச் சொன்னேன். எல்லாரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டில் தமிழ் பேசவில்லை, கவனித்தாயா? நீங்கள் இருவரும் ஒரு வீட்டில் இரண்டு பாஷை வைத்துக்கொண்டு வாழப் போகிறவர்கள். அவள் பிழைவிட்டால் திருத்து, ஆனால் அவள் சொன்ன மாதிரி ஒருநாளும் சொல்லிக் காட்டாதே. யார் சொல்லிக் காட்டினாலும் விடாதே. அது நான் என்றால் எழும்பி நின்று என்னை நிறுத்து. இந்தக் கடிதத்தில் புத்திமதி என்று நான் சொல்ல வருவது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் என் கதை.

நேற்றுப் பின்னேரம் நான் தனியாக நுகேகொடைக்குப் போனேன். உன்னிடம் கேட்காமல் போனதற்குக் கோபிக்காதே, கேட்டிருந்தால் பரவாயில்லை என்றிருப்பாய். திலினியின் அம்மாதான் கேற் திறந்தா. சொல்லாமல் வந்ததற்கு மன்னிக்க வேண்டும், உங்கள் இருவரோடும் ஒரு விஷயம் கதைக்க வேண்டும் என்று என்னுடைய சொந்தச் சிங்களத்தில் சொன்னேன். அவ எனக்குப் பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தா. உள்ளே போய் இருந்து எல்லாம் சொன்னேன். முதலாளி பிறந்த விதம், சாவடி, எக்ஸ்ரே உறை, அப்பப்பாவுக்குக் காட்டிய தகர வாளி. திலினியின் அப்பா முதலில் பகிடி எப்போது வரும் என்று சிரித்த முகத்தோடு காத்திருந்தார். போகப் போக முகம் மாறியது. வால்திய என்பதற்குச் சிரிக்க மட்டும்தான் தனக்குத் தெரியும், வேறொன்றும் தெரியாது என்றார். நான் எதிர்பார்த்தது அதைத்தான். ஒளிப்பானேன், அவர்கள் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்பார்கள், நான் பெருந்தன்மையாகத் தலையாட்டிவிட்டு வருவேன் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போயிருந்தேன்.

அது நடக்கவில்லை. "அப்ப இவ்வளவு நாளும் எங்கட வீட்டுக்குள்ள இருந்து எங்களுக்கே நடிச்சீங்களா?" என்றார் அவர். "நீங்க முதல் வந்த அன்றைக்கு, உங்களுக்கு விளங்கவேணும் என்று என் மனிசி ஒவ்வொரு சொல்லாப் பார்த்துப் பார்த்துப் பேசினா. நீங்க போன பிறகு, நாங்களும் கொஞ்சம் தமிழ் படிச்சிருக்கலாம், அந்த மனிசன் எவ்வளவு கஷ்டப்பட்டுப் பேசுறார் என்று கவலைப்பட்டா. அவ அப்பிடிப் பேசும்போது நீங்க சிரிச்சுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தீங்க." அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்ததை மட்டும்தான் நான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒருத்தி எனக்காக மெதுவாகப் பேசியதை நான் காணவேயில்லை. மன்னிப்புக் கேட்டது நான்தான். அது நடிப்பில்லை. அது நடிப்பில்லை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும் என்ற பயமும் கூடவே வந்தது.

"சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், மணியம் முதலாளி வாறார் என்று" என்றார் அவர். மணியம் முதலாளி வரமாட்டார், மாப்பிள்ளையின் அப்பா வருவார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "வந்து என்ன கதைப்பார்?" என்று கேட்டார். இன்னும் எழுதவில்லை என்றேன். "சரி, எழுதுங்க" என்றார். "நீட்ட வேண்டாம், சாப்பாடு ஆறிடும்." கோபம் போய்விட்டதா என்று என்னால் சொல்ல முடியாது. திலினி மூலம் உனக்கு வேறு விதமாக வந்து சேர முன்னர், நடந்ததை நடந்தபடி நீ என்னிடமிருந்தே அறிய வேண்டும் என்று இதையெல்லாம் எழுதுகிறேன். உன் கலியாணத்துக்கு ஆறு நாள் இருக்க, போய் ஒரு வீட்டைக் கலக்கிவிட்டு வந்திருக்கிறேன். பேசாமல் இருந்திருக்கலாம் என்று நீ நினைத்தால் அதையும் எனக்குச் சொல்லு. ஆனால் பரவாயில்லை என்று மட்டும் சொல்லாதே.

கேற் வரை திலினியின் அம்மா வந்தா. கொண்டியைப் போடப் போனவ கையை எடுத்துவிட்டு, மடமடவென்று பேசத் தொடங்கினா. சமையல்காரன் கடைசி நேரத்தில் மெனுவை மாற்றிவிட்டான், பூக்காரி போன் எடுக்கிறாளில்லை, இவருக்கு முழங்கால் நோவு ஆனால் வைத்தியரிடம் போகமாட்டார், திலினி இரண்டு நாளாகச் சாப்பிடுகிறாளில்லை. மூச்சு விடாமல், பாதி வசனத்தை விழுங்கி, தன் தங்கையோடு பேசுகிற வேகத்தில் பேசினா. ஒரு சொல்லைக்கூட எனக்காக நிறுத்தவில்லை. நான் கேற்றைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். பஸ் ஒன்று வந்து போனது, போகட்டும் என்று நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் மேடை ஏறுவேன். மூன்று நிமிடம், என்னுடைய சிங்களம், பிறகு என்னுடைய தமிழ். பகிடி ஒன்றும் எழுதி வைக்கவில்லை. முதலாளியை எதிர்பார்த்து வந்த முந்நூறு பேர் கீழே இருப்பார்கள், மண்டபம் மௌனமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த மௌனத்தில் என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது, நான் அதைப் பார்த்ததில்லை. சின்ன வயதில் என் நாடகங்களில் சபை சிரிக்காத இடத்தில் நீ முன் வரிசையில் இருந்து தனியாகச் சிரிப்பாய், என்னைக் காப்பாற்றுவதற்காக. ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் சிரிக்காவிட்டால், எனக்காக நீ சிரிக்க வேண்டாம்.

அன்புடன்,
அப்பா